இரவுப் பால்: பவுடரா, பாலாடையா, பக்கத்தில் படுத்து ஊட்டுவதா?

பிள்ளை பிறந்து இரண்டு, மூன்று வாரம் ஆன வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "இரவில் ஒரு புட்டி பவுடர் பால் கொடுத்தால் பிள்ளை அசந்து தூங்கும், தாய்க்கும் உடம்பு தேறும்" என்று ஒருவர் சொல்வார். "தாய்ப்பால் இருக்கும்போது புட்டி எதற்கு?" என்று இன்னொருவர் கேட்பார். நாகர்கோவிலானாலும் களியக்காவிளையானாலும் குளச்சல் கடற்கரையானாலும் பேச்சு ஒன்றுதான். முடிவெடுக்க வேண்டியவளோ நல்ல தூக்கம் தூங்கி நாளாகிவிட்ட, தையல் இன்னும் சரியாக ஆறாத ஒரு பெண். அவளுக்காகவும், அவளைச் சுற்றி நிற்கும் அம்மா, மாமியார், கணவன், மயினி (அண்ணி) ஆகியோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் எடை சரியாக ஏறுகிறதென்றால் பாலை மாற்ற வேண்டாம், இரவில் பிள்ளையைத் தூக்கும் ஆளை மாற்றுங்கள். எடை ஏறவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அவர் பவுடர் பால் சேர்க்கச் சொன்னால் குற்ற உணர்வு இல்லாமல், அளவு தவறாமல் கொடுங்கள்.

பால் போதுகிறதா என்பதே முதல் கேள்வி

பிள்ளை அழுவதை வைத்தோ, மார்பு கனக்கவில்லை என்பதை வைத்தோ பால் போதவில்லை என்று பெரும்பாலான வீடுகளில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டும் நம்பத்தக்க அடையாளங்கள் இல்லை. சில வாரங்களில் பால் சுரப்பு பிள்ளையின் தேவைக்கு ஏற்பச் சீராகிவிடும், அப்போது மார்பு பழையபடி கனக்காது. அது பால் வற்றியதற்கு அடையாளம் ஆகாது.

நம்ப வேண்டியது எடையையும் சிறுநீரையும். பிறந்த முதல் சில நாட்களில் பிள்ளையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. பிறந்தபோது 3 கிலோ இருந்த பிள்ளை 200 கிராம் வரை இறங்கினால் கலங்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். டயப்பர் கட்டினால் எத்தனை தடவை நனைந்தது என்பது தெரியாமல் போய்விடுகிறது. அதனால் முதல் சில வாரங்களுக்குப் பழைய பருத்தித் துணியே மேல் என்பது என் கருத்து. துவைக்கிற வேலை கூடும்தான். அதை அப்பாவுக்குக் கொடுக்கலாம்.

எடை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஒவ்வொரு தடவையும் அதே தராசில், துணி இல்லாமல் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது "பிள்ளை நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்விக்குத் தலையாட்டி அனுப்பிவிடாமல், எடை எத்தனை ஏறியது என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால் வீட்டில் பாதி வாக்குவாதம் நின்றுவிடும். என் மயினிக்குப் பேறு பார்த்த நாட்களில், வருகிறவர்கள் எல்லாம் "பிள்ளை மெலிந்திருக்கிறதே" என்றபோது அந்த அட்டைதான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் நன்றாக இறங்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகலாம். அதுவரை வருவது சீம்பால். முதல் நாளில் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு தேக்கரண்டி அளவுதான். அந்தச் சொட்டுகள் போதும். ஆனால் இரண்டாம் நாளே "பால் வரவில்லை" என்று மருந்துக்கடைக்கு ஆள் ஓடிவிடுகிறது. பவுடர் பெட்டி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் நாள் பயத்தில்தான்.

பவுடர் பால்: என்ன கிடைக்கிறது, என்ன போகிறது

பவுடர் பாலுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவை உண்டு. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை மில்லி குடித்தது என்பது கண்ணுக்குத் தெரியும். செரிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆவதால் சில பிள்ளைகளுக்கு அடுத்த பசி தள்ளிப்போகும். தாய் சில மருந்துகள் எடுக்க வேண்டியிருந்தால், தாய் உடம்புக்கு முடியாமல் இருந்தால், எடை ஏறவே இல்லையென்றால், அது பிள்ளையைக் காப்பாற்றுகிற உணவு. அந்த நிலையில் இருக்கும் தாயிடம் "புட்டிப்பாலா கொடுக்கிறாய்?" என்று முகம் சுளிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் "தூக்கத்துக்காக ஒரு புட்டி" என்பது வேறு கணக்கு. பால் சுரப்பது மார்பு காலியாவதைப் பொறுத்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவு வேளையைப் பவுடருக்குக் கொடுத்துவிட்டுத் தாய் பாலை வெளியே எடுக்காமலும் தூங்கினால், முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு சுரப்பு குறையும். குறைந்ததும் பகலிலும் ஒரு புட்டி தேவைப்படும். "பால் போதவில்லை" என்று அன்று சொன்னது அடுத்த மாதம் உண்மையாகிவிடும். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் தூக்கமும் உறுதியில்லை. பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். இரவு, பகல் என்ற கணக்கு அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். எந்தப் பாலைக் கொடுத்தாலும் அந்தக் கணக்கு முந்தி வராது.

வேலையும் குறையாது. புட்டியைக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடுவதற்குள், அதாவது அரை மணிக்குள், பவுடரைக் கலக்க வேண்டும். பவுடருக்குள் இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு பிள்ளை குடிக்கும் பதத்துக்கு ஆற்ற வேண்டும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பிள்ளை வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் கிணறு கலங்கும் வீடுகளில் தண்ணீரே பெரிய கவலை. இத்தனையையும் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடு இரவில் செய்து பாருங்கள். பக்கத்தில் படுத்தபடி மார்பில் வைப்பது எத்தனை எளிது என்று தெரியும்.

பண விஷயமும் இருக்கிறது. முதல் வாரம் தாண்டிய பிள்ளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பது ஒரு நாளைய அளவு. முழுக்கப் பவுடரில் வளரும் 3 கிலோ பிள்ளைக்கு 450 மில்லி ஆகும். பெரும்பாலான பெட்டிகளில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. நாளுக்குப் பதினைந்து கரண்டி போனால் 400 கிராம் பெட்டி ஒரு வாரத்தைத் தாண்டாது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போடுகிற வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. அது பிள்ளைக்கு வெறும் தண்ணீர் கொடுப்பதற்குச் சமம். எடை நின்றுவிடும், உப்புச்சத்து குறைந்து வலிப்புகூட வரலாம். பவுடர் பால் என்று முடிவெடுத்தால் அதன் செலவையும் முழுதாகக் கணக்கில் கொண்டுவந்த பிறகே எடுங்கள்.

பால் பவுடரையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடுக்கிறது. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அந்த விளம்பரம் இல்லாததற்குக் காரணம் அதுதான். பக்கத்து வீட்டு ஆச்சியின் பரிந்துரையைச் சட்டம் தடுக்க முடியாது.

பவுடருக்குப் பதில் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது இந்த ஒப்பீட்டில் சேரவே கூடாது. ஒரு வயது வரை பசும்பால் பிள்ளையின் முக்கிய உணவாக முடியாது. தேன் ஒரு வயது வரை வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு உரைத்த மருந்து எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். மார்ச், ஏப்ரல் வெயிலிலும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம்.

தாய் ஊட்டுகிறாள், மற்றதெல்லாம் மற்றவர்கள்

எடை ஏறுகிற பிள்ளைக்கு என் முதல் தேர்வு இதுதான். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் பால் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது என்று வேலை நீளும். இதில் தாய் மட்டுமே செய்ய முடிந்தது பால் கொடுப்பது ஒன்றுதான். மீதிதான் அவள் தூக்கத்தைத் தின்கிறது. இன்னொருவர் பிள்ளையைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் கிடத்தி, குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போனால், அவள் முழுதாக எழுந்திருக்கவே வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுத்து ஊட்டுவது அறுவைச் சிகிச்சைத் தையலுக்கும் நல்லது. காம்பை மட்டும் சப்ப விடாமல், சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி வைக்க வேண்டும். வலித்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

பிள்ளை சிணுங்கிய உடனே தூக்காமல் சற்றுப் பொறுப்பதும் உதவும். பிறந்த பிள்ளையின் தூக்கத்தில் பாதி சலனமுள்ள தூக்கம். முக்கும், கைகாலை உதறும், கண் பாதி திறக்கும், மறுபடி தானே தூங்கிவிடும். அதைப் பசி என்று நினைத்துத் தூக்கினால் நாமே எழுப்பியவர்கள் ஆகிறோம். கையை வாய்க்குக் கொண்டு போவதும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதும்தான் பசி.

ஆனால் பிறந்த எடைக்குத் திரும்பாத பிள்ளையும், 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த பிள்ளையும், மஞ்சள் காமாலை உள்ள பிள்ளையும் பசித்தாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை நாம்தான் எழுப்பிக் கொடுக்க வேண்டும். "சமர்த்துப் பிள்ளை, அழுவதே இல்லை" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் சில உண்மையில் களைத்துக் கிடப்பவை.

மாலை மங்கியதும் அரை மணிக்கு ஒரு தடவை பால் கேட்டு அழுகிற பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. கண்ணேறு என்று சுற்றிப் போடுவார்கள். மனசுக்கு ஆறுதல் என்றால் போடட்டும். இந்த அழுகை ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று, நான்கு மாதத்தில் தணியும். அந்த நேரத்தில் பால் போதவில்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

தாயின் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. உளுந்தங்கஞ்சியும் பூண்டும் சுறாப்புட்டும் நல்ல சத்தான உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பது பேறு பெற்றவளுக்குச் செய்யும் கொடுமை. தாகத்துக்கு வேண்டிய மட்டும் அவள் குடிக்க வேண்டும்.

எடுத்து வைத்த பாலும் பாலாடையும்

மேலே சொன்ன வழியில் தாய் இடைவிடாமல் நாலைந்து மணி நேரம் தூங்குவது கடினம். சிலருக்கு அந்தத் தொடர் தூக்கம் இல்லாமல் முடியவே முடியாது. அவர்களுக்கு இதுவே சிறந்த வழி. பகலில் கையால் பாலை எடுத்து வைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்குத் தாய் ஊட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். அடுத்த வேளையை அம்மாவோ கணவனோ பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில்) கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் அவள் எழுந்து ஊட்டுகிறாள். பால் சீராக இறங்கி மூன்று, நான்கு வாரம் ஆன பிறகு தொடங்குவது நல்லது. தூங்கி எழும்போது மார்பு கட்டியிருந்தால் உடனே ஊட்டவோ பீய்ச்சவோ வேண்டும்.

பாலாடை நம் பக்கத்து வீடுகளுக்குப் புதிது இல்லை. பச்சிளங்குழந்தைகள் வார்டுகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புட்டியில் காம்புக்குள்ளும் கழுத்திலும் அழுக்கு தங்கும். பாலாடையில் தங்க இடமே இல்லை, கழுவிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போதும். புட்டிக் காம்பில் பழகிய சில பிள்ளைகள் மார்பை மறுக்கும். பாலாடையில் அந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் கொடுக்கும் முறையில்தான் எனக்குப் பயம். காலை நீட்டி, பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, வாயைத் திறந்து மடமடவென்று புகட்டுகிற பழைய வழக்கம் ஆபத்தானது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிள்ளையை அரை உட்காரலாக மடியில் வைத்து, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டு, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்துச் சற்றே சாய்க்க வேண்டும். பிள்ளை தானே நக்கி உறிஞ்ச வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. முதல் சில தடவை சிந்தும், நேரம் பிடிக்கும். அனுபவமுள்ள பாட்டியாக இருந்தாலும் செவிலியர் முன்னால் ஒருமுறை கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது என்பது கணக்கு. நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி பல மாதங்களில் கிடையாது. அதனால் வெளியே வைப்பதாக இருந்தால் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாட்கள் தாங்கும். மழையில் கரண்ட் போய் நெடுநேரம் வராவிட்டால் அந்தக் கணக்கும் செல்லாது. சூடாக்க அடுப்பில் வைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்தால் போதும்.

எங்கே கிடத்துவது

பால் விஷயம் முடிவானாலும் அடுத்த வாக்குவாதம் காத்திருக்கும்: தொட்டிலா, பாயா, கட்டிலா? இதில் மருத்துவ அறிவுரை தெளிவாக இருக்கிறது. பிள்ளை மல்லாந்து, தட்டையான, அமுங்காத விரிப்பில், தலையணையோ தடித்த போர்வையோ இல்லாமல், பெற்றோர் தூங்கும் அதே அறையில் தனி இடத்தில் தூங்க வேண்டும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் அடங்கும்.

சேலைத் தொட்டிலைக் குறை சொல்ல மனம் வராது, நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளை அதன் வளைவில் சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி நெருங்கும். ஆட்டித் தூங்க வைக்கத் தொட்டில், தூங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்துவது என்ற ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. இரவு முழுவதும் தொட்டிலில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் தூங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மழைக்காலத்தில் ஈரமும் எறும்பும் பூரானும் வரும் என்று தரையில் போடப் பயப்படுவது நியாயம்தான். பாயின் மேல் தட்டையான சிறு விரிப்பைப் போட்டு, குடைபோல் விரியும் கொசுவலையை மூடினால் பெருமளவு தீரும். கொசுவர்த்திப் புகையை விட வலை ஆயிரம் மடங்கு மேல். கட்டிலில் தாய்க்கும் சுவருக்கும் நடுவே பிள்ளையைக் கிடத்தினால் சுவரோர இடுக்கில் அது சிக்கும். குடித்திருப்பவர், புகைப்பவர், தூக்கம் வரவைக்கும் மருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும் பிள்ளை படுக்கும் இடத்தில் படுக்கக் கூடாது. இதைச் சொல்ல மருமகளுக்கு வாய் வராது, வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். சோபாவில் பிள்ளையோடு கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசம்.

வீட்டுக்கு வீடு

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போகும் கணவன் வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டான். வளைகுடாவில் வேலை பார்ப்பவனும் அப்படித்தான். அங்கே இரவு ஆள் அம்மாவோ மாமியாரோதான். அவருக்கும் வயதாகிவிட்டது என்பதால் இரவு முழுவதையும் அவர் தலையில் கட்டாமல், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் கேளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே எழுகிறவர் இருக்கும் வீட்டில், அவர் எழுகிற நேரத்தில் பிள்ளைக்குத் துணி மாற்றித் தாயிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். முந்திரி ஆலைக்குச் சீக்கிரமே திரும்ப வேண்டிய தாய்க்குப் பாலாடைப் பழக்கம் பகலுக்கும் தேவைப்படும், எனவே அவள் முன்கூட்டியே தொடங்கட்டும். ஆளே இல்லாத வீட்டில், தனியாக இருக்கும் தாய் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரு வேளை பவுடர் பால் கொடுக்கிறாள் என்றால், அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்த வேளையில் பாலைப் பீய்ச்சி எடுத்துவிடும்படி மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. 108ஐ அழைத்து, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். மஞ்சளுக்குக் காலை வெயிலில் காட்டிப் பார்க்கலாம் என்று நாள் கடத்த வேண்டாம்.

தாயையும் பாருங்கள். பிள்ளை தூங்கும்போதும், ஆள் துணை இருக்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையா, காரணமில்லாமல் அழுகிறாளா, பிள்ளையைத் தொடவே மனமில்லை என்கிறாளா? அது சோம்பலும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை, சிகிச்சை உள்ள நோய். மருத்துவ ஆலோசனைக்கான 104க்கோ, மனநல உதவிக்கான 14416க்கோ அன்றே அழையுங்கள்.

எடுக்கிற முடிவு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எப்படியும் எடை பார்ப்பார்கள். பிறந்த எடை, இரண்டாவது வார எடை, அன்றைய எடை மூன்றையும் அட்டையில் வரிசையாக வைத்துச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். ஏறிக்கொண்டிருந்தால் இரவு ஏற்பாட்டில் யாருக்கு முடியவில்லை என்று மட்டும் பேசி ஆளை மாற்றுங்கள். நின்றிருந்தால் பாலைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அதுதான்.